தரவுத்தளத்தைப் புது வேர்ஷனுக்கு மாற்றினோம், மெதுவாகிவிட்டது. இனி?

போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 13ஆம் வேர்ஷனுக்கான ஆதரவு 2025 நவம்பரில் முடிந்துவிட்டது. அதனால் 17க்கோ 18க்கோ மாற்றியிருப்பீர்கள். எல்லாம் பிழையில்லாமல் ஓடுகிறது. ஆனால் மறுநாள் காலை மில்லிலிருந்து கோல் வரும்: "தம்பி, நெல் வரவு ரிப்போர்ட் முந்தி டக்கென்று வரும். இப்ப தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பார்த்தாலும் சுத்திக்கொண்டேதான் நிக்குது."

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்துவிட்டு, சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றின் கணக்கு மென்பொருளையோ கல்முனை மருந்துக்கடை ஒன்றின் இருப்புப் பதிவையோ தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ள ஒரு தரவுத்தள நிபுணர் இருக்கமாட்டார். எடுத்துக்காட்டுகள் போஸ்ட்கிரஸில் இருக்கும், இன்னொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

"புது வேர்ஷன் மெதுவு" என்ற முடிவுக்கு உடனே போய்விடாதீர்கள். வேர்ஷன் மாறும் நாளில் அது மட்டும் மாறுவதில்லை. சேர்வர் மாறியிருக்கும், உபுண்டு மாறியிருக்கும், அமைப்புக் கோப்பு புதிதாக எழுதப்பட்டிருக்கும், புள்ளிவிவரம் காலியாக இருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, இரண்டு பக்கத்துக்கும் இடையில் வேர்ஷன் எண் ஒன்றுதான் வித்தியாசம் என்ற இடத்துக்கு வர வேண்டும். பாதி வழியிலேயே காரணம் அகப்பட்டுவிடுவதுதான் வழக்கம்.

பழையதை அழிக்காதீர்கள்

ஒப்பிடப் பழையது இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் ஊகம்தான். வேர்ஷன் மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடை, கோப்புகளைப் பிரதியெடுக்காமல் பழையவற்றையே பாவிக்கும் லிங்க் முறையில் ஓட்டினால், புதிய சேர்வரை ஒருமுறை தொடங்கிய பிறகு பழைய கோப்புகளை நம்பிப் பாவிக்க முடியாது. அதனால் மாற்ற முன்பே முழுப் பிரதி ஒன்றை வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். முக்கியமான ஐந்தாறு ரிப்போர்ட்டுகளின் திட்டங்களையும் (எந்தப் படிகளில் ஓட்டுவது என்று சேர்வர் போடும் திட்டம், எடுக்கும் விதம் கீழே வரும்) பழையதிலேயே எடுத்து டெக்ஸ்ட் கோப்பாகச் சேமியுங்கள்.

நேரமும் முக்கியம். பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும் பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோக வெட்டு நடக்கும் ஓகஸ்ட், செப்டம்பரிலும் மில்லின் தரவுத்தளத்தில் கை வைக்க வேண்டாம். நவம்பர், டிசம்பர் ஆறுதலான மாதங்கள் போலத் தெரியும். ஆனால் வாடை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஜூன், ஜூலைதான் என் தெரிவு.

எந்தக் குவெரி?

"எல்லாமே மெதுவு" என்றுதான் முறைப்பாடு வரும். தோண்டிப் பார்த்தால் இரண்டு மூன்று குவெரிதான், அதாவது தரவுத்தளத்திடம் மென்பொருள் கேட்கும் கேள்விதான், இருக்கும். எந்தக் குவெரி எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடியது என்று பதியும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சியை இரண்டு பக்கமும் போடுங்கள். அதற்கு அமைப்புக் கோப்பின் ஷெயார்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸ் வரியில் அதன் பெயரைச் சேர்த்து சேர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும், வெறும் ரீலோட் போதாது. 12 வரை மொத்த நேர நிரலின் பெயர் டோட்டல்_டைம், 13இலிருந்து டோட்டல்_எக்ஸெக்_டைம். இணையத்தில் கிடைக்கும் பழைய துண்டை அப்படியே ஒட்டினால் பிழை காட்டுவது இதனால்தான்.

மொத்த நேரத்தால் வரிசைப்படுத்தி, ஒரே குவெரிக்கு இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை தடவை ஓடியது, ஒரு தடவைக்குச் சராசரி எவ்வளவு. சராசரி மாறாமல் தடவை மட்டும் கூடியிருந்தால் தரவுத்தளத்தை விட்டுவிட்டு மென்பொருள் பக்கம் போங்கள். யாரோ அதே நாளில் நூலகம் ஒன்றையும் புதுப்பித்திருக்கக்கூடும். சராசரி கூடியிருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

புள்ளிவிவரம்: பாதிப் பேரின் கதை இங்கேயே முடியும்

ஒரு குவெரியை எப்படி ஓட்டுவது என்று போஸ்ட்கிரஸ் தீர்மானிப்பது, ரேபிளில் எந்த மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான். 17 வரைக்கும் பிஜி_அப்கிரேட் இந்தப் புள்ளிவிவரத்தைப் புதியதற்குக் கொண்டுபோகாது. மாற்றிய கையோடு ஆட்களை உள்ளே விட்டால், சேர்வர் கண்ணைக் கட்டிக்கொண்டு திட்டம் போடும். தானாக ஓடிப் புள்ளிவிவரமும் எடுக்கும் ஓட்டோவாக்கியூம் பின்னணியில் ஒவ்வொரு ரேபிளாக வரும்தான், ஆனால் அதற்குள் மில்லிலிருந்து கோல் வந்துவிடும். வாக்கியூம்டிபி கட்டளையை அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் என்ற தெரிவோடு ஓட்டினால் முதலில் அவசரமாக ஒரு மேலோட்டப் புள்ளிவிவரம் எடுத்து, பிறகு முழுமையாக்கும்.

18இல் இது மாறியது. புள்ளிவிவரம் கூடவே வருகிறது. ஆனால் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் கொண்டு நீங்களே உண்டாக்கிய விரிவான புள்ளிவிவரம் வராது. இது எவ்வளவு கடிக்கும் என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

நெல்_வரவு என்ற ரேபிளில் 5 லட்சம் வரிசைகள் இருப்பதாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் கமக்காரரின் ஊரும் பிரதேச செயலகப் பிரிவும் பதிவாகியிருக்கின்றன. பிரிவு சம்மாந்துறை என்றிருப்பவை நூற்றுக்கு 20, ஊர் வீரமுனை என்றிருப்பவை நூற்றுக்கு 2. ரிப்போர்ட்டில் இரண்டு நிபந்தனையும் ஒன்றாக வருகிறது. வீரமுனை சம்மாந்துறைப் பிரிவுக்குள்தான் இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். போஸ்ட்கிரஸுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று நினைத்துப் பெருக்கிவிடும்: நூற்றுக்கு 0.4, அதாவது 2000 வரிசை. உண்மையில் வருவதோ 10,000. ரிப்போர்ட்டில் இன்னும் நான்கு ரேபிள்களை இணைத்தால் இந்தப் பிழை ஒவ்வொரு படியிலும் ஊதும். 2000 தானே என்று எண்ணி ஒவ்வொரு வரிசைக்கும் இன்னொரு ரேபிளுக்குள் போய்த் தேடும் நெஸ்டட் லூப் திட்டத்தைத் தெரிவுசெய்துவிடும்.

பழைய சேர்வரில் யாரோ ஒரு புண்ணியவான் ஊருக்கும் பிரிவுக்கும் சேர்த்து விரிவான புள்ளிவிவரம் உண்டாக்கி வைத்திருப்பார். புதியதில் அதன் வரைவிலக்கணம் இருக்கும், உள்ளே எண்கள் இருக்காது. புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ் கட்டளை ஒருமுறை ஓடினால் நிரம்பிவிடும். பிழையென்று எங்கும் எழுதிக் காட்டாது என்பதுதான் தொல்லை.

பிஜி_டம்ப் கருவியால் தரவைக் கோப்பாக எடுத்து மீள ஏற்றியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இண்டெக்ஸை (தேடலை விரைவாக்கும் சுட்டி) மட்டும் படித்தே பதில் சொல்லக்கூடிய குவெரிகள், ஏற்றிய புதிதில் ரேபிளுக்கும் போய்வரும். எந்தப் பக்கங்களில் உள்ளவை எல்லோருக்கும் தெரியக்கூடியவை என்ற வரைபடத்தை எழுதுவது, ரேபிளைத் துப்புரவாக்கும் வாக்கியூம். அது இன்னும் ஓடியிருக்காது. திட்டத்தில் ஹீப் ஃபெட்சஸ் என்ற எண் பெரிதாக இருந்தால் இதுதான். ஒப்பிட முன் இரண்டு பக்கமும் வாக்கியூம் அனலைஸ் ஓட்டுங்கள்.

திட்டத்தைப் படிப்பது

இப்போது அதே குவெரியை, திட்டத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்னோடு, அனலைஸ், பஃபர்ஸ் என்ற தெரிவுகள் இரண்டையும் சேர்த்து இரண்டு பக்கமும் ஓட்டுங்கள் (இந்த அனலைஸ் புள்ளிவிவரம் எடுக்கும் கட்டளை அல்ல). 18இல் அனலைஸ் போட்டாலே பஃபர்ஸும் சேர்ந்து வரும், அதற்கு முந்தியவற்றில் கேட்க வேண்டும். கவனம்: அனலைஸ் போட்டால் குவெரி நிஜமாகவே ஓடும். அப்டேட், டிலீட் என்றால் பிகின் போட்டு ஓட்டி, ரோல்பேக் செய்து மாற்றத்தைக் கைவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் நேராக நேரத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வரிசை எண்ணை. ஒவ்வொரு வரியிலும் ரோஸ் என்று இரண்டு இடத்தில் வரும். முதல் அடைப்புக்குள் இருப்பது மதிப்பீடு, இரண்டாவதற்குள் இருப்பது உண்மையில் வந்தது. கீழிருந்து மேலே வாருங்கள், இரண்டும் எந்தப் படியில் முதன்முதலாகப் பிரிகின்றனவோ அங்கே நில்லுங்கள். மேலே உள்ள பயங்கரமெல்லாம் அதன் பின்விளைவாகவே இருக்கும். லூப்ஸ் எண்ணையும் விட்டுவிடாதீர்கள்: உண்மையான வரிசையும் நேரமும் ஒரு சுற்றுக்கான சராசரிதான், சுற்றுகளால் பெருக்க வேண்டும். 0.05 மில்லிசெக்கன் என்று அப்பாவியாக நிற்கும் ஒரு வரி 40,000 சுற்று ஓடியிருந்தால் அதுவே 2 செக்கன்.

அப்புறம் இரண்டு திட்டங்களும் ஒரே வடிவமா என்று பாருங்கள். வடிவம் வேறென்றால் பிரச்சினை திட்டமிடுவதில். ஒரே வடிவம், மதிப்பீடும் சரி, ஆனால் ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சம் மெதுவு என்றால் டிஸ்க், நினைவகம், அமைப்பு, தொகுத்த விதம் என்று தேடல் வேறு பக்கம் திரும்பும். பஃபர்ஸ் வரியில் ஹிட் குறைந்து ரீட் கூடியிருந்தால் தரவு நினைவகத்தில் இல்லை, டிஸ்கிலிருந்து வருகிறது. மறுதொடக்கம் செய்த சேர்வரின் முதல் ஓட்டம் எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வேர்ஷனோடு உண்மையிலேயே மாறிய சிலவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் திட்டத்தில் கண்டவுடன் பிடித்துவிடலாம். 12க்கு முன் வித் என்று தொடங்கும் துணைக் குவெரி தனியாகத் திட்டமிடப்பட்டு ஓடும், வெளிக் குவெரியின் நிபந்தனைகள் அதற்குள் போகாது. 12இலிருந்து, அது ஒரே இடத்தில் மட்டும் பாவிக்கப்பட்டால் வெளிக் குவெரியோடு கரைந்துவிடும். பெரும்பாலும் நல்லது. ஆனால் அந்தத் தடுப்பை நம்பியே எழுதிய பழைய ரிப்போர்ட்டுகள் தடுமாறும். அங்கே மெட்டீரியலைஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் பழைய நடத்தை திரும்பும். குவெரியின் பகுதிகளை ஓடும்போதே இயந்திரக் குறியீடாக மாற்றும் ஜிட் தொகுப்பும் 11இல் வந்தது, 12இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. திட்டத்தின் அடியில் ஜிட் என்று ஒரு பகுதி வந்து, மொத்த நேரத்தில் பெரும் பங்கை அது விழுங்கியிருந்தால், அந்த அமர்வில் மட்டும் அணைத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். 13இல் இன்கிரிமென்டல் சோர்ட், 14இல் மெமோய்ஸ் என்று புதுப் படிகள் வந்தன. சந்தேகம் வந்தால் எனேபிள்_இன்கிரிமென்டல்_சோர்ட், எனேபிள்_மெமோய்ஸ் என்ற சுவிட்சுகளை அணைத்துப் பார்க்கலாம். இது நோய் எங்கே என்று பார்க்கத்தான், மருந்தாக நிரந்தரமாக விட்டுவைப்பதற்கு அல்ல.

தமிழ்ப் பெயர் தேடும் இடத்தில்

எங்கள் பக்கத்து மென்பொருள்களில் இது தனியாகக் கவனிக்க வேண்டியது. கமக்காரரின் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினால் பட்டியல் வரும் திரையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடுவது லைக் 'கந்த%' மாதிரி ஒரு நிபந்தனை. தரவுத்தளத்தின் கொலேஷன், அதாவது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி, சி என்று இருந்தால் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் இதற்கு உதவும். என்_யூஎஸ் போன்ற ஒன்றாக இருந்தால் உதவாது, முழு ரேபிளையும் படிக்கும். பழைய சேர்வரை அமைத்தவர் சி என்று வைத்திருப்பார், நீங்கள் புதியதை உண்டாக்கும்போது இயங்குதளம் கொடுத்ததை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். தனி ஒரு தரவுத்தளத்தை டம்ப் எடுத்து, நீங்களே புதிதாக உண்டாக்கிய ஒன்றுக்குள் ஏற்றும்போது இது ஓசையில்லாமல் நடக்கும். இரண்டு பக்கமும் போஸ்ட்கிரஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் பேக்ஸ்லாஷோடு எல் தட்டிப் பாருங்கள், கொலேஷன் நிரலில் வித்தியாசம் தெரியும்.

தீர்வுக்கு எல்லாவற்றையும் சிக்கு மாற்றத் தேவையில்லை. அந்த நிரலுக்கு டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஒப்ஸ் என்ற வகையில் ஒரு இண்டெக்ஸ் கூடப் போட்டால் சரி. சி கொலேஷனில் வரிசைப்படுத்தல் வேகம்தான். ஆனால் அது யூனிகோட் எண் வரிசையில் போவதால் ன எழுத்து நவுக்கு அடுத்ததாக வந்து நிற்கும், ஜ சவுக்கும் ஞவுக்கும் நடுவில் நுழையும். அச்சடித்த பட்டியலைப் பார்த்து யாராவது ஒரு தமிழ் வாத்தியார் கேட்கத்தான் போகிறார்.

இயங்குதளமும் சேர்ந்து மாறியிருந்தால் இன்னும் கவனம் தேவை. 2018இல் வந்த, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.28 எழுத்துகளின் வரிசை முறையைப் பெரிதாக மாற்றியது. அதற்கு முந்திய லினக்ஸில் கட்டிய இண்டெக்ஸ் கோப்புகளை அப்படியே புதிய லினக்ஸுக்குக் கொண்டுபோனால் வேகம் மட்டுமல்ல, பதிலே பிழைக்கும்: இருக்கும் பெயரை இல்லை என்று சொல்லும். எழுத்து நிரல்களின் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் கட்டளையால் திரும்பக் கட்டிவிட்டே வேறு எதையும் பாருங்கள். 13க்கு முந்தியதிலிருந்து பிஜி_அப்கிரேட் மூலம் வந்தவர்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வரும் இண்டெக்ஸைச் சுருக்கி வைக்கும் வசதி 13இல் வந்தது, அது கிடைக்க இண்டெக்ஸைத் திரும்பக் கட்ட வேண்டும்.

அமைப்புக் கோப்பு

இது சின்ன வேலை. பிஜி_செட்டிங்ஸ் காட்சியிலிருந்து, மூலம் டிஃபோல்ட் அல்லாதவற்றை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்து, டிஃப் போட்டுப் பாருங்கள். சேர்வரின் பொது நினைவகமான ஷெயார்ட்_பஃபர்ஸ் யாரும் தொடாத 128 மெகாபைட்டில் நிற்கிறதா, வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான வொர்க்_மெம் 4 மெகாபைட்டுக்குத் திரும்பிவிட்டதா, டிஸ்கில் தாவிப் படிப்பதற்கான செலவு மதிப்பாக எஸ்எஸ்டிக்காகக் குறைத்து வைத்த ரேண்டம்_பேஜ்_கொஸ்ட் மீண்டும் 4 ஆகிவிட்டதா. இயல்பு மதிப்புகளே மாறியும் இருக்கலாம்: ஹாஷ் வேலைகளுக்கு வொர்க்_மெம்மை எத்தனை மடங்காக்கலாம் என்று சொல்லும் ஹாஷ்_மெம்_மல்டிப்ளையர் 15இல் 1இலிருந்து 2 ஆனது, 18இல் புதிதாக உண்டாக்கும் கிளஸ்டருக்கு, தரவுப் பக்கங்கள் கெடவில்லையா என்று சரிபார்க்கும் செக்சம் இயல்பாகவே இயங்கும்.

அளப்பது

இவ்வளவுக்குப் பிறகும் வித்தியாசம் நிற்கிறதென்றால் ஒழுங்காக அளக்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு வேர்ஷனையும் வேறு வேறு போர்ட்டில் நிறுவுங்கள். ஒரே டிஸ்க், ஒரே தரவு, ஒரே அமைப்பு. வேகம் அளக்கும் பிஜிபெஞ்ச் கருவிக்கு உங்கள் குவெரியைக் கோப்பாகக் கொடுக்கலாம். அதனுள்ளே இருக்கும் வங்கி மாதிரிப் பரிசோதனை உங்கள் ரிப்போர்ட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

பழையதைப் பத்துத் தடவை ஓட்டிவிட்டுப் புதியதைப் பத்துத் தடவை ஓட்டாதீர்கள். பழையது, புதியது, பழையது, புதியது என்று மாறி மாறி ஓட்டுங்கள். மட்டக்களப்பு மத்தியான வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையில் லேப்டொப் சூடாகிச் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைக்கும். இரண்டாவதாக ஓடியது எதுவோ அதன் தலையில் பழி விழும். பேட்டரியில் ஓட்டவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பழையதைப் பழையதோடேயே ஒப்பிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒன்றுமே மாறாதபோதே 8 வீதம் ஏற்ற இறக்கம் வருகிறதென்றால், வேர்ஷன்களுக்கிடையில் நீங்கள் கண்ட 5 வீதத்துக்குப் பொருள் இல்லை. சராசரியைவிட நடு மதிப்பை நம்புங்கள். நடுவில் வந்த ஒரு ஓட்டோவாக்கியூம் சராசரியைக் கெடுத்துவிடும், நடு மதிப்பை அவ்வளவு சுலபமாகக் கெடுக்காது.

எந்த வேர்ஷனில் தொடங்கியது?

முதலில் அந்தந்த வேர்ஷனின் கடைசிச் சிறு வெளியீட்டில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். திருத்தப்பட்டுவிட்ட பிழையைத் துரத்துவது வீண். அப்புறம் 13க்கும் 17க்கும் நடுவில் 15ஐ நிறுவி ஓட்டுங்கள். 15 வேகமென்றால் 16, மெதுவென்றால் 14. ஒவ்வொரு வேர்ஷனையும் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டொக்கர் இதற்கு வசதி, ஆனால் ஒவ்வொரு இமேஜும் சில நூறு மெகாபைட் இழுக்கும், இரவு டேட்டாவுக்கு விட்டுவையுங்கள். எல்லா இமேஜும் ஒரே அடித்தளத்தில் இருக்க வேண்டும். ஒன்று அல்பைன் லினக்ஸ், இன்னொன்று டெபியன் லினக்ஸ் என்றால் அடியிலுள்ள சி நூலகமே வேறு, கஷ்டப்பட்டுச் சமப்படுத்தியதெல்லாம் போய்விடும். பெரு வேர்ஷன்கள் ஒன்றின் தரவுக் கோப்புறையை மற்றது வாசிக்காது, ஒவ்வொன்றிலும் டம்பை ஏற்ற வேண்டும், ஏற்றியதும் வாக்கியூம் அனலைஸ்.

இதற்கு மேல் மூலக்குறியீட்டுக்குள் போக விரும்புபவர்களுக்கு, எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் இருக்கிறது. இரண்டு வெளியீடுகளுக்கிடையில் 2000 மாற்றங்கள் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டினால் சுமார் 11 தடவையில் குற்றவாளியிடம் வந்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் தொகுத்து, இனிட்டிபி கட்டளையால் புதிய வெற்றுக் கிளஸ்டர் உண்டாக்கி, தரவு ஏற்றி, குவெரியை ஓட்டி, வேகமென்றால் 0, மெதுவென்றால் 1, தொகுக்கவே முடியவில்லையென்றால் 125 என்று வெளியேறும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொடுத்தால் அது தானே ஓடும். தொகுக்கும்போது அசெர்ட் சோதனைகளை இயக்க வேண்டாம், அவை வேகத்தை வெகுவாகக் குறைக்கும்.

மைஎஸ்கியூஎல் காரர்களுக்கு

5.7இலிருந்து 8.0க்கு வந்தவர்கள் மூன்றைப் பாருங்கள். கிடைத்த பதிலை நினைவில் வைத்துத் திரும்பக் கொடுக்கும் குவெரி கேஷ் 8.0இல் இல்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் திரைகள் அதன் நிழலில்தான் இவ்வளவு நாளும் வேகமாக இருந்திருக்கும். இயல்பு எழுத்துத்தொகுதி லத்தீன்1இலிருந்து யூடிஎஃப்8எம்பி4 ஆனது. பழைய ரேபிள் ஒன்றில், புது ரேபிள் ஒன்றில் என்று எழுத்துத்தொகுதியோ கொலேஷனோ கலந்திருந்தால் இணைப்பில் இண்டெக்ஸ் பயன்படாமல் போகலாம். மூன்றாவது, மாற்றங்களையெல்லாம் பதியும் பைனரி லொக் இயல்பாகவே இயங்கும், அதனால் எழுதும் வேலைகள் கனமாகும். 8.0.18இலிருந்து எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் இங்கேயும் உண்டு.

வெளியாருக்கு அனுப்ப முன்

உண்மையான பின்னடைவு ஒன்றைப் பிடித்துவிட்டீர்களென்றால் அதை உருவாக்குபவர்களிடம் கொண்டுபோங்கள். இரண்டு வேர்ஷன் எண்கள், இரண்டு திட்டங்கள், மாற்றிய அமைப்புகள், அவர்களும் ஓட்டிப் பார்க்கக்கூடிய சிறு மாதிரித் தரவு, இவ்வளவும் வேண்டும். மாதிரித் தரவை ஜெனரேட்_சீரீஸ் கொண்டு உண்டாக்குங்கள். கமக்காரர்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எதுவும் வெளியே போகக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், மில் முதலாளி உங்களிடம் வைத்த நம்பிக்கை இன்னொரு பக்கம். இலக்கத்தை எம்டி5 என்ற ஹாஷ் குறியாக்கி மறைப்பவர்கள் உண்டு. 10 அல்லது 12 எழுத்தாக இருந்தது 32 எழுத்தாகிவிடும், ரேபிளும் இண்டெக்ஸும் பருத்துவிடும், நீங்கள் காட்ட நினைத்த மெதுவே மறைந்துபோகலாம். அதே நீளத்தில் பொய் இலக்கம் போடுங்கள். போகங்களின் பரம்பலையும் காப்பாற்றுங்கள்: நெல் வரவு வெட்டு மாதங்களில் குவிந்து கிடக்க, மாதிரியில் வருடம் முழுக்கச் சமமாகப் பரப்பிவிட்டால் திட்டமே வேறாகிவிடும்.

பதில் வரும்வரை மில் காத்திருக்காது. சுவிட்சு ஒன்றை அணைத்துத்தான் சமாளிக்க வேண்டுமென்றால், முழுச் சேர்வருக்கும் அணைக்காமல், ஓல்டர் ரோல் மூலம் ரிப்போர்ட் ஓட்டும் பயனருக்கு மட்டும் அணையுங்கள். ஏன் அணைத்தீர்கள், எந்த வேர்ஷனில், எந்தத் திகதியில் என்பதை கொமென்ட் ஒன் கட்டளையால் அந்தப் பயனரோடேயே எழுதி வைக்கலாம். அடுத்த வேர்ஷனுக்கு மாறும் நாளில் முதலில் அந்தச் சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட்டு ரிப்போர்ட்டை ஓட்டிப் பாருங்கள்.